விளையாட்டா, நோயா? தீர்ப்புக்கு முன் சில சொற்கள்

மாலை நேரத்தில் மயிலாப்பூர்க் குளக்கரையைச் சுற்றி வருவோரும், தியாகராய நகர்ப் பனகல் பூங்காவில் இளைப்பாறுவோரும், அடையாற்றில் பேருந்துக்குக் காத்திருப்போரும் ஒரே காட்சியைக் காண்கின்றனர். நான்கு பிள்ளைகள் தோளோடு தோள் உரச அமர்ந்திருப்பர். அவர்தம் தலைகள் கவிழ்ந்திருக்கும். கட்டைவிரல்கள் மட்டும் ஓயாது இயங்கிக்கொண்டிருக்கும். அவ்வழியே செல்லும் பெரியவர் ஒருவர், "இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் செல்லுக்கு அடிமையாகிவிட்டார்கள்" என்று வருந்துவார். உடன் வருபவரும் "ஆமாம்" என்பார். அத்துடன் வழக்கு முடிந்துவிடும். சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு.

இத்தீர்ப்பை அத்தனை எளிதில் வழங்கலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. வீடியோ விளையாட்டால் தீங்கே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. தீங்கு உண்டு, அது முற்றும்போது மருத்துவம் வேண்டும் நோயாகவும் ஆகும். ஆயின் எது நோய், எது நோயன்று என்று பகுத்துப் பாராமல் கூறும் சொல், ஒருபுறம் வேறு துயரால் வாடுபவனுக்குத் தவறான பெயரைச் சூட்டும். மறுபுறம் உண்மையான நோயாளியைக் காணாமலே விட்டுவிடும். இவ்விரு தவறுகளையும் செய்தவன் என்னும் தகுதியிலேயே இதனை எழுதுகிறேன்.

முதல் தவறு

2022ஆம் ஆண்டு, ஜூன் மாதம். என்னுடன் பள்ளியில் பயின்ற நண்பர் ஒருவர் தியாகராய நகரில் சிறிய துணிக்கடை நடத்துகிறார். தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பிள்ளைக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தான். "ராத்திரி இரண்டு மணிவரை கேம் ஆடுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. நீ வாத்தியார், நீ சொன்னால் கேட்பான்" என்றார்.

நான் அப்பிள்ளையிடம் ஒரு வினாவும் கேட்கவில்லை. அரைமணி நேரம் அறிவுரை மட்டும் கூறினேன். இறுதியில் தந்தையின் பக்கம் திரும்பி, "இது குடிப்பழக்கம் போன்றது, வேரோடு அறுத்தால்தான் தீரும்" என்றேன். அன்றிரவே கைப்பேசி சுவரில் மோதி உடைந்தது.

மூன்று வாரம் கழித்து, அப்பிள்ளையின் தாயார் என் மனைவியிடம் தொலைபேசியில் அழுதார். பையன் இப்போது விளையாடுவதில்லை. ஆனால் படுக்கையை விட்டு எழுவதுமில்லை. உணவு பாதியாகிவிட்டது. "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்று தன் தங்கையிடம் கேட்டிருக்கிறான். அச்சொல் என் காதில் விழுந்தபோது எனக்குக் கை நடுங்கிற்று. மறுநாளே மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கேட்ட முதல் வினா, நான் கேட்கத் தவறிய வினா: "எது முதலில் வந்தது?"

முதலில் வந்தது விளையாட்டன்று. 2021ஆம் ஆண்டுக் கொரோனா இரண்டாம் அலையில், அவனை மடியில் வளர்த்த பாட்டி மறைந்துவிட்டார். பள்ளி மூடியிருந்தது. தந்தைக்குக் கடையைப் பற்றிய கவலை. தாய்க்குத் தன் அன்னையை இழந்த துயரம். பிள்ளைக்கு உறக்கம் போயிற்று. உறக்கமற்ற இரவுகளில் பேசக் கிடைத்தவர்கள் அந்த விளையாட்டில் உடன் ஆடிய இரண்டு நண்பர்களே. அவனுக்கு வந்திருந்தது மனச்சோர்வு நோய். விளையாட்டு அதன் நிழல். மூழ்கிக்கொண்டிருந்தவன் பற்றியிருந்த கட்டையை, அதுவே அவனை அமிழ்த்துகிறது என்றெண்ணிப் பிடுங்கிவிட்டேன். பல மாதச் சிகிச்சைக்குப் பின் அவன் தேறினான். பள்ளிப்படிப்பை முடித்துக் கல்லூரியிலும் சேர்ந்தான். இறைவனுக்கே புகழ். ஆனால் அது என் அறிவுரையால் நேர்ந்ததன்று; என் அறிவுரையையும் மீறி நேர்ந்தது.

இரண்டாம் தவறு

இரண்டாமவன் என் வகுப்பிலேயே இருந்தான். அடையாற்றிலிருந்து வரும் முதலாமாண்டு மாணவன், அமைதியானவன். பின்வரிசையில் சில நாள் கண்ணயர்வான். எதிர்த்துப் பேசமாட்டான்; எவரோடும் பூசலில்லை. "ஒழுக்கமான பிள்ளை" என்று அவனைப் பற்றித் துறைக் கூட்டத்தில் நானே கூறியிருக்கிறேன்.

ஓராண்டில் அவன் கால்பந்து அணியை விட்டு விலகினான். நான்கு தாள்களில் தோற்றான். தேர்வுக் கட்டணத்துக்கு வீட்டார் கொடுத்த பணம் விளையாட்டிலுள்ள ஆயுதங்களும் அலங்காரங்களும் வாங்கச் செலவாயிற்று. மூன்று முறை அவ்விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து தானே நீக்கினான்; மூன்று முறையும் இரண்டொரு நாளில் மீண்டும் ஏற்றிக்கொண்டான். இவையனைத்தும் எனக்குப் பின்னரே தெரிந்தன. "நிறுத்த வேண்டும் என்றுதான் நினைக்கிறேன் சார், முடியவில்லை" என்று அவன் கூறியபோது, ஓராண்டுப் படிப்பு கைவிட்டுப் போயிருந்தது.

முன்னவனுக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொன்னேன். பின்னவனுக்கு இருந்த நோயை இல்லையென்று விட்டேன். காரணம் ஒன்றே. நான் பார்த்தது நோயை அன்று. எனக்குத் தொந்தரவாக இருந்ததை மட்டுமே பார்த்தேன். இரவில் விளக்கெரிய ஆடியவன் குற்றவாளியானான். சத்தமின்றி ஆடியவன் நல்ல பிள்ளையானான்.

மருத்துவ உலகம் கூறுவது

உலகச் சுகாதார நிறுவனம் 2018 ஜூனில் வெளியிட்ட நோய்ப் பகுப்பின் பதினொன்றாம் பதிப்பில், 'கேமிங் டிஸார்டர்' என்னும் விளையாட்டுக் கோளாறு முதன்முறையாக இடம்பெற்றது. 2019 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை அப்பதிப்பை ஏற்றது. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அது கூறும் அடையாளங்கள் மூன்று. ஒன்று, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்னும் கட்டுப்பாடு கையை விட்டுப் போதல். இரண்டு, வாழ்வின் பிற விருப்பங்களையும் அன்றாடக் கடமைகளையும் பின்னே தள்ளி விளையாட்டு முன்னே வந்து நிற்றல். மூன்று, தீய விளைவுகள் கண்முன் தெரிந்தும் தொடர்தல் அல்லது மேலும் மிகுத்தல். இம்மூன்றும் இருந்தால் மட்டும் போதாது. குடும்பம், கல்வி, தொழில், நட்பு போன்றவற்றில் குறிப்பிடத்தக்க சிதைவு நேர்ந்திருக்க வேண்டும். பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களேனும் இந்நிலை காணப்பட வேண்டும். அடையாளங்கள் அனைத்தும் பொருந்திக் கடுமையாக இருப்பின் இக்காலம் குறையலாம்.

இவ்வரையறையில் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை மணிநேரம் ஆடினால் நோய் என்று எங்கும் கூறப்படவில்லை. இரத்தப் பரிசோதனையோ, மூளைப் படமோ இதனைக் காட்டித் தருவதுமில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் பிள்ளையோடும் பெற்றோரோடும் தனித்தனியே அமர்ந்து பேசி, காலத்தையும் விளைவையும் கோத்துப் பார்த்துக் கூறும் முடிவு இது.

அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் கையேடு இன்னும் எச்சரிக்கையோடு நடந்தது. ஒன்பது அடையாளங்களைத் தந்து, ஓராண்டில் ஐந்தேனும் இருக்க வேண்டும் என்றது. எனினும், 'மேலும் ஆய்வு தேவைப்படுவன' என்னும் பகுதியிலேயே இதனை வைத்தது. 2022இல் திருத்தப்பட்ட பதிப்பிலும் அந்த இடம் மாறவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவையும் ஆய்வாளர் பலர் வெளிப்படையாக எதிர்த்தனர். சூதுக்கும் போதைப் பொருளுக்கும் வகுத்த அளவுகோலை விளையாட்டுக்கு அப்படியே கொண்டுவந்தால், நலமாக ஆடும் பிள்ளைகளும் நோயாளிப் பட்டியலில் சேர்வர் என்பது அவர்தம் அச்சம்.

அவ்வச்சம் வெறும் கற்பனையன்று. அவ்வொன்பதில் ஒன்று, விளையாடும் நேரத்தைப் பற்றி வீட்டாரிடம் பொய் கூறுதல். கைப்பேசியைத் தொட்டாலே அடி விழும் வீட்டில் எந்தப் பிள்ளைதான் மெய் கூறும்? அப்பொய் நோயின் அடையாளமா, அச்சத்தின் அடையாளமா? இதனைப் பிரித்தறியக் கேள்வித்தாள் போதாது. அவ்வீட்டை அறிந்த ஒருவர் வேண்டும்.

மணிக்கணக்கு அளவுகோலாகுமா?

இந்நகரமே இவ்வினாவுக்கு விடை தரும். ஆழ்வார்ப்பேட்டை சோவியத் பண்பாட்டு மையத்தில் மானுவல் ஆரோன் 1972இல் தொடங்கிய தால் சதுரங்கக் கழகத்தில்தான் சிறுவன் விசுவநாதன் ஆனந்த் காய் நகர்த்திப் பழகினார். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் தம் பதினெட்டாம் வயதில் உலக வாகையர் பட்டம் வென்றபோது, ஊரே கொண்டாடியது. இவர்கள் அறுபத்து நான்கு கட்டங்களின் முன் கழித்த நேரத்தை எவரும் நோய் என்று எண்ணவில்லை. மயிலாப்பூரில் மார்கழிக் கச்சேரிக்காக நாள்தோறும் பல மணிநேரம் வீணையோடு அமரும் சிறுமியையும் எவரும் அடிமை என்பதில்லை.

கைப்பேசி விளையாட்டும் சதுரங்கமும் ஒன்றென்று கூறவில்லை. சதுரங்கப் பலகை நள்ளிரவில் ஒலியெழுப்பி ஆளை அழைப்பதில்லை. நாள் தவறாமல் வந்தால் பரிசு என்று ஆசை காட்டுவதில்லை. உள்ளிருப்பது இன்னதென்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் சொல்வதுமில்லை. ஆடுபவரை எழவிடாமல் இருத்திவைக்கவே திட்டமிட்டுச் செய்யப்பட்ட விளையாட்டுகள் பல உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், கடிகாரம் மட்டும் நோயைக் காட்டாது. எத்தனை மணி ஆடினான் என்பதைவிட, ஆட்டத்தை விட்டு எழுந்தபின் அவன் வாழ்வில் என்ன எஞ்சியிருக்கிறது என்பதே கேட்கத்தக்க வினா.

சட்டம் செய்வதும் செய்யாததும்

இணையச் சூதாட்டத்தால் குடும்பங்கள் அழிந்த கொடுமையைக் கண்ட தமிழக அரசு, 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன்பின் இயற்றப்பட்ட சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் வெளியான விதிகள், பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சேரத் தடை விதித்தன. நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை எவரும் உள்நுழையலாகாது என்றன. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. மதுவையும் சூதையும் ஒருசேர விலக்கிய மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு இவை மகிழ்ச்சி தருவன.

ஆயின் பணமின்றி விடியவிடிய ஆடும் பிள்ளையை இச்சட்டங்கள் நேராகத் தீண்டுவதில்லை. அதற்கும் சட்டம் செய்து பார்த்த நாடு உண்டு. தென்கொரியா 2011இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டு ஆடுவதைத் தடுத்தது. பத்தாண்டுகளுக்குப் பின் அச்சட்டத்தைத் தானே கைவிட்டது; 2022 தொடக்கத்தோடு அது முடிவுக்கு வந்தது. சட்டம் கதவை அடைக்கலாம்; கதவுக்குப் பின்னே இருக்கும் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று அது கேட்காது. அதனைக் கேட்க வேண்டியவர் நாமே.

வள்ளுவர் வைத்த வரிசை

தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். திருக்குறளின் பொருட்பாலில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94ஆம் அதிகாரம் சூது. அதனை அடுத்து 95ஆம் அதிகாரமாக வருவது மருந்து. கள்ளையும் சூதையும் கண்டித்த புலவர், உடனே மருத்துவத்தின் பக்கம் திரும்புகிறார். இன்றைய நோய்ப் பகுப்பிலும் சூதாட்டக் கோளாறும் விளையாட்டுக் கோளாறும் அடுத்தடுத்த எண்களைப் பெற்று நிற்பது எண்ணத்தக்கது.

மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியது. இறுதிப் பகுதியிலேயே மருத்துவர் வருகிறார். நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்தபின் செயற்பட வேண்டும் என்கிறார் வள்ளுவர். நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணச் சொல்கிறார். "எது முதலில் வந்தது?" என்று அம்மருத்துவர் கேட்டதும், பன்னிரண்டு மாதங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் காலம் வகுத்ததும் இந்நெறியின்பாற் பட்டனவே. நான் அக்குறள்களை இருபதாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். நண்பர் மகன் என் முன் நின்றபோது மட்டும் அவை நினைவுக்கு வரவில்லை. பாடம் நடத்துவது வேறு, பாடத்தின்படி நடப்பது வேறு போலும்.

அவ்வதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்துக்கு உறுப்புகள் நான்கு என்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பேணுபவர். இந்த நான்காமிடமே பெற்றோரும் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் நிற்க வேண்டிய இடம். நாமோ இரண்டாமிடத்துக்குத் தாவி, நாமே நோயின் பெயரைச் சொல்லி, நாமே அறுவைச் சிகிச்சையும் செய்துவிடுகிறோம்.

நாம் செய்யத்தக்கவை

"நோய் என்று பெயர் சூட்டினால் பிள்ளைக்கு அதுவே சாக்காகிவிடாதா?" என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குடிப்பழக்கத்தைப் பற்றியும் ஒருகாலத்தில் இவ்வாறே கேட்கப்பட்டது. குடிப்பவன் கெட்டவன் என்ற எண்ணமே மேலோங்கியிருந்த நாளில், 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடிநோயாளியை நோயாளியாகவே ஏற்றுச் சிகிச்சை தந்தது. அடையாறு இந்திரா நகரில் உள்ள அம்மருத்துவமனையிலிருந்து மீண்டு சென்றோர் பலர். அவர்களுக்கு நோய் என்ற சொல் சாக்காகவில்லை, திரும்பிவரும் வழியாயிற்று. 'அடிமை' என்பது ஆளைக் குறிக்கும் சொல், ஒட்டிக்கொண்டால் உதிராது. 'நோய்' என்பது ஆளுக்கு வந்ததைக் குறிக்கும் சொல். வந்தது போகவும் கூடும்.

பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இது. கைப்பேசியைப் பிடுங்குமுன் இரண்டு வாரம் பிள்ளையைக் கவனியுங்கள். ஒரு குறிப்பேட்டில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: உறக்கம், உணவு, படிப்பு, நட்பு. விளையாடிய நேரத்தை ஐந்தாவதாக எழுதினால் போதும். முன் நான்கும் செம்மையாக இருப்பின், வேண்டுவது மருத்துவமன்று. வீட்டில் ஓர் ஒழுங்கு. இரவில் கைப்பேசி கூடத்தில் உறங்கட்டும். தந்தையின் கைப்பேசியும் அதன் அருகிலேயே உறங்கட்டும். நான்கில் இரண்டு மூன்று சரிந்திருந்தால், "எப்போது தொடங்கியது? அதற்கு முன் என்ன நடந்தது? யாரோடு ஆடுகிறாய்? நிறுத்த முயன்றதுண்டா?" என்று மெல்லக் கேளுங்கள். விடை கவலை தருவதாயின் மருத்துவரை நாடுங்கள். "இருந்து என்ன பயன்" என்பது போன்ற சொல் எழுந்தால் ஒருநாளும் காத்திராதீர்கள்.

மருத்துவ உதவிக்குப் பஞ்சமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இத்தகைய தொழில்நுட்பப் பழக்கங்களுக்கென்றே 2014இல் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது.

ஆசிரியர்க்கும் ஒரு சொல். வகுப்பில் கூச்சலிடுபவனை எல்லோரும் கவனிப்பர். அணியை விட்டு விலகியவன், பழைய நண்பர்களோடு உண்ணாதவன், காலையில் கண் சிவந்து வருபவன், தேர்வுக் கட்டணம் கட்டத் தவறுபவன் ஆகியோரையும் கவனிப்போம். எனக்குத் தப்பியவன் அவர்களில் ஒருவன்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு அறிவுரை கூறும் தகுதியை நான் பாதி இழந்துவிட்டேன். ஆகவே ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன். ஒருவாரம் விளையாட்டை நிறுத்திப் பாருங்கள். முடிந்தால் மகிழ்ச்சி, மீண்டும் அளவோடு ஆடுங்கள். முயன்றும் முயன்றும் முடியவில்லையென்றால் அதில் வெட்கமில்லை. உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள்.

சமுதாயப் பெரியோர்களே, நோயுற்றவரை வீடு தேடிச் சென்று நலம் விசாரிப்பதைக் கடமையாகக் கொண்டவர்கள் நாம். காய்ச்சலில் படுத்தவனுக்குப் பழம் வாங்கிச் செல்கிறோம். அறைக்கதவை அடைத்துக்கொண்டு கைப்பேசியோடு கிடக்கும் பதினாறு வயதுப் பிள்ளையையும் அவ்வாறே ஒருமுறை சென்று காண்போம். தீர்ப்போடு செல்ல வேண்டாம். ஒரு வினாவோடு செல்வோம். அவன் விடை கூறி முடிக்கும்வரை அருகில் அமர்ந்திருப்போம்.